ஆயிரம் வோல்ட்டு தாங்கும்

ஷாட்கி டயோடா? இருக்கு தம்பி, ஏன் இல்லாம? அந்த மூணாவது டப்பாவுல கெடக்கு. ஆனா உங்களுக்குத் தர எனக்கு மனசு வரல. கோவிச்சுக்கிடாதீங்க. என்னத்துக்குன்னு மொதல்ல சொல்லுங்க.

சைக்கிள் ஆடுற ஆட்டத்துல கரண்ட் எடுக்கப் போறீங்களா? காந்தம் வச்சு, கம்பி சுத்தி? சரிதான். எளவு, இந்தப் பக்கத்துல படிச்ச பிள்ளைகளுக்கெல்லாம் இதே கோட்டிதான் புடிச்சிருக்கு. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. உங்க பஸ்ஸு இப்ப வராது. வந்தாலும் டிரைவர் டீ குடிக்காம எடுக்க மாட்டான்.

நான் வியாபாரத்துக்காகச் சொல்லல. உள்ளதைச் சொல்லணும்லா, ஷாட்கியை வித்தாத்தான் எனக்கு நாலு காசு கூடுதல். இந்தா பாருங்க, இது 4007. கையில வாங்கிப் பாருங்க. ஆயிரம் வோல்ட்டு தாங்கும். ஆயிரம்! நீங்க கேக்கீங்களே 5817, அது இருபது வோல்ட்டுத்தான் தாங்கும். இருபது எங்க இருக்கு, ஆயிரம் எங்க இருக்கு? சின்னப் பிள்ளையக் கேட்டாக்கூட எது நல்லதுன்னு சொல்லிரும்.

என்கிட்ட ஒரு பழக்கம் உண்டு தம்பி. எந்த போர்டு ரிப்பேருக்கு வந்தாலும், செத்துப்போன சாமான் என்ன அளவோ அதுக்கு ஒரு படி கூடத்தான் போடுவேன். இருபத்தஞ்சு வோல்ட்டு கெப்பாசிட்டரா, அம்பது போடு. ஒரு ஆம்பியர் டயோடா, மூணு போடு. கம்பெனிக்காரன் மிச்சம் புடிக்கத்தான் சின்னதாப் போட்டு விடுதான். நம்ம கை வச்சா நிக்கணும். இந்த பஜாருல எந்த மெக்கானிக்கையும் கேளுங்க, இதைத்தான் சொல்லுவான். என் கையில ஓடுன டிவி திரும்பி வந்ததா சரித்திரமே கிடையாது.

சரி, விசயத்துக்கு வாரேன். கஸ்பாருன்னு ஒருத்தர், கடக்கரை ஊரு. சின்ன பைபர் போட்டு ஒண்ணு, ஒத்த வலை, அவ்வளவுதான் அவரு ஆஸ்தி. மொத மொதல்ல ஒரு ரேடியோவைத் தூக்கிட்டு என் கடைக்கு வந்தாரு. அன்னையில இருந்து சிநேகிதம். வாவல் மீன் கிடைச்சா எனக்குக் குடுக்காம வீட்டுக்குப் போக மாட்டாரு. நான் வேண்டாம்னு சொன்னாலும் அந்தக் கல்லாப்பெட்டி மேலயே வச்சுட்டுப் போயிருவாரு. நாள் முழுக்க கடை நாறும். ஒரு வார்த்தை சொன்னது கிடையாது நான்.

அவங்க தொழில் எப்படின்னா, சாயங்காலம் போயி வலைய விரிச்சுட்டு வந்துருவாங்க. விடிய போயி வலைய இழுத்து வாங்குவாங்க. வலைக்கு மேல ஒரு மிதப்பு கெடக்கும். அதுல லைட் எரியணும். அந்த லைட்டைப் பாத்துத்தான் விசைப்படகுக்காரன் ஒதுங்கிப் போவான். எரியலைன்னா வலை மேலயே ஏத்திட்டுப் போயிருவான், சல்லடையாக்கிருவான். இதுக்கு அவங்க ஊர்க் கமிட்டியில ஒரு கட்டுப்பாடு உண்டு. லைட் எரிஞ்சும் அறுத்தான்னா, விசைப்படகுக்காரன் புது வலைக்கு ஈடு குடுக்கணும். லைட் எரியாம அறுத்தான்னா, வலைக்காரன் வாயப் பொத்திட்டு வீட்டுக்குப் போகணும். நல்ல நியாயம்தான், நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா அந்த லைட்டு இருக்கே, பேட்டரி செல்லு போட்ட லைட்டு, அந்தச் சவத்தைக் கடல்ல போட்டா எத்தனை நாளு நிக்கும்? உப்புத்தண்ணி உள்ள புகுந்து செல்லெல்லாம் பச்சை பூத்துப்போயிரும். அப்படித்தான் கஸ்பாருக்கு மொத வலை போச்சு. அந்தால மனுசன் கொச்சிக்குப் போனாரு. அடுத்தவன் போட்டுல கெடந்து, ஏச்சு வாங்கி, சம்பாதிச்சுக் கொண்டாந்து இன்னொரு வலை எடுத்தாரு. திரும்பி வந்தப்ப ஆளு பாதியா இருந்தாரு. இந்தா, நீங்க உக்காந்திருக்க எடத்துக்குப் பக்கத்துல நின்னுதான் சொன்னாரு, "அண்ணாச்சி, இந்த வலையும் போச்சுன்னா இன்னொண்ணு எடுக்க எனக்குத் தெம்பு கிடையாது"ன்னு.

அவருக்கு ஒரே மக. கில்டான்னு பேரு. பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் படிச்சா, கடைசி வருஷம். அந்தப் பிள்ளை ஒரு நாள் கடைக்கு வந்து, "மாமா, எனாமல் கம்பி வேணும்"னா. என்னத்துக்குன்னு கேட்டேன். செல்லே இல்லாம எரியுற லைட்டு செய்யப் போறாளாம். ஒரு பிளாஸ்டிக் குழாய், அதுக்குள்ள காந்தம், வெளிய கம்பி சுத்தி இருக்கும். கடல் ஆட ஆட காந்தம் மேலயும் கீழயும் போயிட்டு வரும், கரண்ட் வரும். அதை ஒரு கெப்பாசிட்டர்ல சேத்து வச்சு, தோட்டத்துல குத்தி வைப்பாங்களே சோலார் லைட்டு, அதுக்குள்ள இருக்க குட்டி போர்டைப் போட்டு லைட்டை எரிய வைக்குறது. யோசனை நல்ல யோசனை. நான் மூளைய மூளைன்னுதான் சொல்லுவேன். என் மகனுக்கு அதுல கால்வாசி கிடையாது.

இங்க என் பெஞ்சுலதான் வச்சு செஞ்சா. என் மீட்டரு, என் சால்டரிங் அயர்ன். ஒரு நாளாவது முகம் சுளிச்சிருப்பனா? கேளுங்க அவளையே.

அப்ப இந்த டயோடு பேச்சு வந்துச்சு. மாறி மாறி வர்ற கரண்டை ஒரு பக்கமாத் திருப்பணும்லா, அதுக்கு நாலு டயோடு வேணும். நான் 4007-ஐ எடுத்து நீட்டுதேன். "அது வேண்டாம் மாமா, 5817 தாங்க"ங்கா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு.

"ஏம்மா, ஆயிரம் வோல்ட்டை வேண்டாம்னுட்டு இருபது வோல்ட்டைக் கேக்க?"

"ஆயிரம் வோல்ட்டு எங்க மாமா வரப்போவுது? கடல் சும்மா கெடக்கும்போது ரெண்டு வோல்ட்டு வந்தாலே பெருசு."

"வராட்டி என்ன, தாங்கும்லா?"

"தாங்குறது இல்ல மாமா விசயம். உள்ள போறதுக்கே அது வரி வாங்கும். ஒரு நேரத்துல ரெண்டு டயோடைத் தாண்டிப் போகணும். உங்க டயோடு ரெண்டும் சேந்து ஒரு வோல்ட்டுக்கு மேல முழுங்கிரும். மிச்சத்துல போர்டு முழிக்காது. இதுன்னா அதுல பாதிகூட முழுங்காது."

சொல்லிட்டு, அந்தக் குழாயைக் கையில புடிச்சு பைய ஆட்டுதா. பைய, பைய. தொட்டிலாட்டுற மாதிரி. மீட்டரைப் பாக்கா, எழுதுதா. நான் சொன்னேன், "இப்படி ஆட்டுனா ஈகூட எந்திரிக்காது. நல்லா ஆட்டு தாயி"ன்னு. "பங்குனியில கடல் இப்படித்தான் மாமா ஆடும்"னா. கடக்கரையில பொறந்த பிள்ள, கடலைப் பத்தி அவகிட்ட நான் பேச முடியுமா? விட்டுட்டேன்.

ஆனா ஒண்ணு கேட்டேன். "இந்த ஷாட்கியில குறையே கிடையாதா?"ன்னேன். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "உண்டு மாமா. சூடு ஏறுனா சேத்து வச்ச கரண்டு பின்பக்கமா கொஞ்சம் கசியும். ராத்திரிதானே லைட் எரியணும், கடல்மேல குளுந்துதான் கெடக்கும், பரவாயில்ல"ன்னா. பாத்தீங்களா? அவளே ஒத்துக்கிட்டா. நம்ம 4007 எந்த வெயில்ல போட்டாலும் அசையாது. ஆனாலும் ஷாட்கியவே எடுத்துக் குடுத்தேன். வச்சா. மாட்டுனா. எரிஞ்சுது, இல்லைங்கல.

பொறவு அதை ரெசின் ஊத்தி அடைக்கணும். தண்ணி போகாம இருக்கணும்லா. மோட்டார் போர்டுக்கெல்லாம் நான்தான் ஊத்துவேன், கறுப்பு ரெசின், கல்லு மாதிரி ஆயிரும். பிள்ளைக்குப் பரீட்சை வந்துட்டு. "மாமா, நீங்களே அடைச்சு அப்பாகிட்ட குடுத்துருங்க"ன்னு சொல்லிட்டு ஹாஸ்டலுக்குப் போயிட்டா. கஸ்பாரு வந்தாரு. "அண்ணாச்சி, நல்லாப் பாத்துச் செய்யுங்க. எனக்கு இந்த வலைய விட்டா ஒண்ணும் கிடையாது"ன்னாரு. கண்ணு கலங்கிட்டு அவருக்கு.

அவரு போன பொறவு நான் அந்த போர்டைக் கையில வச்சுப் பாக்கேன். அந்த நாலு டயோடையும் பாக்கேன். குருவிக்கால் மாதிரி நிக்குது. கடலு தம்பி அது! இடி இருக்கு, மின்னல் இருக்கு, புயல் இருக்கு. ஒரு மனுசன் ஆயுசை நம்ம கையில குடுத்துட்டுப் போயிருக்கான். இருபது வோல்ட்டை நம்பி அனுப்பவா? என் மனசு கேக்கல. பிள்ளை புஸ்தகத்துல படிச்சிருக்கா, சரி. நான் வேலையில பாத்தவன்லா. நாலையும் எடுத்துட்டு 4007 நாலு மாட்டுனேன். கழட்டுனதை வீணாக்குவானேன்னு அந்த மூணாவது டப்பாவுலயே போட்டுட்டேன்.

சோதிக்காம அனுப்புவனா? குழாயைப் புடிச்சு ஆட்டுனேன் பாருங்க, கடக் கடக்குன்னு. கோயில் கொடை சீரியல் லைட்டு தோத்துப்போகும், அப்படி எரிஞ்சுது! பக்கத்துக் கடை ஜவுளிக்காரர் எந்திரிச்சு வந்து பாத்தாரு. அப்பத்தான் எனக்கு நிம்மதி. ரெசினை ஊத்தி அடைச்சேன். கஸ்பாரு வந்து வாங்கிட்டு நேரா கடலுக்குக் கொண்டு போயிட்டாரு.

அது மேக்க இருந்து கச்சான் காத்து அடிக்குற நேரம். கடல் பேயாட்டம் ஆடுது. லைட்டு எப்படி எரிஞ்சுதுங்கீங்க? கரையில நின்னு பாத்தாலே தெரியும். ஊரே வந்து பாத்துச்சு. கில்டா கில்டான்னு ஒரே பேச்சு. பங்குச் சாமியாரு பூசையில பேரு சொல்லி ஆசீர்வாதம் பண்ணுனாரு. பாலிடெக்னிக்ல பெரிய காலேஜுக்கு அனுப்பி மேல படிக்க வைக்கணும்னு பேசிக்கிட்டாங்க. நாலஞ்சு வலைக்காரங்க, "எங்களுக்கும் செஞ்சு தா பிள்ள"ன்னு கேட்டாங்க. "பங்குனி வரைக்கும் பாத்துட்டுச் செஞ்சு தாரேன்"னாளாம். கஸ்பாரு பழைய செல்லு லைட்டைத் தூக்கிக் குப்பையில போட்டாரு. எனக்கும் சந்தோசம்தான். யாரு டயோடு உள்ள கெடக்குன்னு எனக்குத் தெரியும்லா. அது போதும். பேரு அவளுக்கே போகட்டும்னு இருந்தேன்.

மழைக்காலமும் நல்லாத்தான் போச்சு. மாசி பொறந்தப்ப ஒரு நாள் கஸ்பாரு மீனோட வந்தாரு. "லைட்டு கொஞ்சம் மங்குற மாதிரி இருக்கு அண்ணாச்சி. சில நாளு எரியவே மாட்டேங்குது. பிள்ளைகிட்ட சொல்லவா?"ன்னாரு. நான் சொன்னேன், "பயப்படாதேயும் வே. கடல் அசந்து கெடக்கு, காத்து வந்தா சரியாயிரும். கடைசிப் பரீட்சை நேரத்துல பிள்ளைகிட்டச் சொல்லி அது மனசைக் கலைக்காதேயும். உள்ள இருக்க சாமானுக்கு நான் பொறுப்பு"ன்னேன். அவரு முகத்துல ஒரு தெளிச்சி வந்துச்சு. என் வார்த்தைன்னா அவருக்கு வேதம்.

பங்குனியில ஒரு நாள் விடிய வலை வாங்கப் போயிருக்காரு. மிதப்பு மட்டும் தனியாக் கெடந்துச்சாம். அதுல ஒரு கந்தல் தொங்குச்சாம். அவ்வளவுதான் வலை. தேடித் தேடிப் பாத்துட்டு, அந்தக் கந்தலையும் மிதப்பையும் போட்டுல போட்டுக்கிட்டுக் கரைக்கு வந்தாரு. கடல் அன்னைக்குக் குளம் மாதிரி கெடந்துச்சுன்னாங்க. ஒரு சொட்டு அலை கிடையாதாம்.

கோயில் முன்னால கமிட்டி கூடுச்சு. நானும் ஒரு ஆதரவுக்குப் போயி நின்னேன். விசைப்படகுக்காரன் வந்தான், "நான் லைட்டே பாக்கல"ன்னான். தலைவரு கஸ்பாரைப் பாத்து ஒரே கேள்விதான் கேட்டாரு. "லைட் எரிஞ்சுதா?"

கஸ்பாரு மகளைப் பாத்தாரு. அந்தப் பிள்ளை தலைய நிமித்தல. "எரியல"ன்னாரு.

அவ்வளவுதான், முடிஞ்சுது. கூட்டம் கலைஞ்சிட்டு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு தம்பி. எரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா யாரு போயிப் பாக்கப் போறா? நடுராத்திரியில நடுக்கடல்ல சாட்சியா நிக்குது? பொழைக்கத் தெரியாத மனுசன். கூட்டத்துல ரெண்டு பொம்பளைங்க, "மகளுக்குப் படிப்புத் திமிரு, அப்பன் கஞ்சிய அள்ளிட்டா"ன்னு கில்டா காதுல விழுற மாதிரியே பேசுனாங்க. எனக்குச் சகிக்கல. "அப்படிப் பேசாதீங்க, சின்னப் பிள்ளை, தெரியாமச் செஞ்சுட்டா"ன்னு நான்தான் சத்தம் போட்டேன். வேற யாரும் அவளுக்காக வாய் திறக்கல.

கஸ்பாரு திரும்பவும் கொச்சிக்குப் போயிட்டாரு. போறதுக்கு முன்ன கடைக்கு வரல. அதுதான் எனக்கு வருத்தம். நான் என்ன பண்ணுனேன் சொல்லுங்க? இத்தனை வருஷப் பழக்கம், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? இந்த வயசுல அடுத்தவன் போட்டுல கயிறு இழுக்குறாராம். மூட்டு வீங்கிப் போயிக் கெடக்காருன்னு கேள்வி. இனி எங்க வலை எடுக்க? போட்டையும் வித்தாச்சு.

கில்டா கடைசிப் பரீட்சை எழுதல. அந்த லைட்டைத்தான் காலேஜுல புராஜெக்டாக் காட்டணும், அதைக் காட்ட மாட்டேன்னுட்டாளாம். வாத்தியாருங்க வீட்டுக்கே வந்து கூப்பிட்டும் போகல. இப்ப ரால் உரிக்குற கம்பெனியில இருக்கா. விடிய வேன் வந்து ஏத்திட்டுப் போகுது, இருட்டுன பொறவு கொண்டு வந்து விடுது.

என்ன தம்பி, எந்திரிச்சிட்டீங்க? பஸ்ஸு இன்னும் வரல, உக்காருங்க. என்ன கேட்டீங்க? டயோடை மாத்துனதை அவகிட்டச் சொன்னனான்னா?

ஒருக்க வந்தா. கம்பெனியில சேந்த புதுசு. கைவிரலெல்லாம் ஐஸ் தண்ணியில ஊறி வெளுத்துக் கெடக்கு. அந்த லைட்டைத் துணியில சுத்திக் கொண்டாந்து இந்த மேசை மேல வச்சா. "மாமா, இதை உடைச்சுத் தாங்க. எங்க தப்புப் பண்ணுனேன்னு எனக்குத் தெரியணும்"னா.

நான் சொன்னேன், "தாயி, ரெசினை உடைச்சா உள்ள இருக்க சாமானும் சேந்து நொறுங்கிரும். ஒண்ணும் தெரியாது"ன்னேன். அது உண்மைதானே? வேணும்னா பாருன்னு குழாயை வாங்கி ஆட்டிக் காட்டுனேன். கடக் கடக்குன்னு. பளிச்சுன்னு எரிஞ்சுது! அத்தனை மாசம் உப்புத்தண்ணியில கெடந்து, விசைப்படகு ஏறி எறங்கி, ஒரு டயோடு போகல பாத்துக்கிடுங்க. நாலும் கல்லு மாதிரி இருக்கு. எனக்கே பெருமையாப் போச்சு.

அவ என் கையில இருந்து வாங்கி, பைய ஆட்டுனா. தொட்டிலாட்டுற மாதிரி. எரியல. இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டுனா. எரியல. எத்தனை நேரம் ஆட்டுனாளோ, நான் ரெண்டு ஆளுக்கு வியாபாரம் பாத்துட்டுத் திரும்புனா அப்பவும் ஆட்டிட்டுத்தான் நிக்கா.

அந்தால என்னைப் பாத்துக் கேட்டா. "மாமா, உள்ள நான் வச்ச டயோடுதானே இருக்கு?"

என்ன சொல்லுவேன் தம்பி? மாமா உன் மேல அக்கறைப்பட்டு ஒசந்த சாமானா மாத்துனேன்னு சொல்லவா? ஏற்கனவே நொந்து நிக்கா. நம்ம செஞ்ச உபகாரத்தைச் சொல்லி, ஒரு கடனையும் அவ தலையில ஏத்தவா? எனக்கு அந்தப் புத்தி கிடையாது. "ஆமா தாயி, நீ வச்சதுதான். நான் தொடவே இல்ல"ன்னு சொல்லிட்டேன்.

"அப்ப என் கணக்குத்தான் தப்பு"ன்னா. அழுவான்னு பாத்தேன், அழல. லைட்டை இங்கயே வச்சிருங்க மாமான்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டா.

போன மாசம் அந்தக் கம்பெனி சூப்பர்வைசர் ஒரு ஃபேன் ரிப்பேருக்குக் கடைக்கு வந்தான். அவன்தான் சொன்னான். படிச்ச பிள்ளையாச்சேன்னு, ஐஸ் தண்ணியில கெடக்க வேண்டாம்னு, மேசையில உக்காந்து ரால் எடை எழுதுற வேலை குடுத்தாங்களாம். வேண்டாம்னுட்டாளாம். "எனக்குக் கணக்கு வராது சார், தப்பா எழுதிருவேன்"னு சொல்லி, உரிக்குற பக்கமே போயி உக்காந்துக்கிட்டாளாம்.

அடக்கமான பிள்ளை.